பன்னிரண்டாவது கையெழுத்து

வருகைப்பதிவு அறுபத்திரண்டு சதவீதத்தில் நிற்கிற மாணவனுக்குக் கையெழுத்து என்பது கை மட்டும் செய்கிற வேலை. மூளைக்கு அதில் பங்கு கிடையாது. அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த மந்திரி அந்த நிலைமைக்குத்தான் வந்து சேர்ந்திருந்தான்.

மந்திரி என்பது அக்கா வைத்த பெயர். அரசியல் படிக்கப்போகிறேன் என்று அவன் வீட்டில் சொன்ன அன்று, "அப்ப மந்திரிக்கு முதல்ல சோறு போடும்மா, நேரமாச்சு" என்றாள். சோறு ஆறிவிட்டது. பெயர் இன்னும் ஆறவில்லை.

அவன் துறையில் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. துறைத்தலைவர் மேடம் பாடத்தை ஆரம்பித்ததும் நீள நோட்டு ஒன்று முதல் பெஞ்சிலிருந்து கிளம்பும். அதில் இரண்டே கட்டம்: எண், கையெழுத்து. மந்திரியின் எண் பதினான்கு. நோட்டு முன்னால் வந்ததும் பதினான்கு என்று எழுதி, பக்கத்தில் புழு நெளிகிற மாதிரி ஒன்றை இழுத்துவிட்டு, அடுத்தவனிடம் தள்ளுவான். எழுபத்தைந்து சதவீதம் இல்லாவிட்டால் தேர்வுக்கூடத்தை வெளியிலிருந்து மட்டுமே பார்க்கலாம் என்று அறிவிப்பு வந்த நாளிலிருந்து, கட்டம் போட்ட எந்தத் தாளைப் பார்த்தாலும் அவன் கை பேனாவைத் தேடியது. நூலகத்து விருந்தினர் ஏடு, கண்காட்சி வாசலிலிருந்த குறிப்பேடு, கூரியர்காரர் நீட்டிய பக்கத்து வீட்டுப் பார்சலின் ரசீது என்று எங்கும் பதினான்கு இருந்தது. ஒருமுறை இரத்ததான முகாமில் கையெழுத்துப் போட்டுவிட்டான். படுக்கவைத்துக் கையைத் தட்டிய பிறகுதான் எதற்கு வந்திருக்கிறோம் என்பதே அவனுக்குத் தெரிந்தது.

மேடம் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார்.

"களப்பணி அறிக்கை இருபத்தஞ்சு மார்க். பத்து எடுத்தா பாஸ். பாஸ் பண்ணா உன் வருகைக்குறைவுக்கு நான் பரிந்துரை எழுதறேன். பண்ணலேன்னா அடுத்த வருஷம் ஜூனியர்ஸோட உட்காரு. நல்ல பசங்க. நேரத்துக்கு வருவாங்க."

ஏதாவது ஒரு சின்ன அமைப்பு எப்படி முடிவெடுக்கிறது என்று நேரில் பார்த்து எழுத வேண்டும். விதி ஒன்றே ஒன்று. பார்க்கிறவன் தலையிடக் கூடாது.

"எங்க கட்டடத்துல குடியிருப்போர் சங்கம் இருக்கு மேடம். அதுல எங்க வீடும் ஒண்ணு. பரவால்லையா?"

"பரவால்ல. ஆனா வீட்டுக்காரங்களுக்காகக்கூட வாயைத் திறக்கக் கூடாது."

"டீ குடுத்தா?"

"குடிக்கக் கூடாது."

"பிஸ்கட்?"

"போன வருஷம் ஒருத்தன் பிஸ்கட் சாப்பிட்டான். அறிக்கைல அந்தக் கமிட்டியைப் பத்தி ஒரு குறைகூட இல்ல. திருப்பி அனுப்பிட்டேன்."

மந்திரி அன்று மாலை கண்ணாடி முன்னால் நின்று, பிஸ்கட்டை மறுப்பது எப்படி என்று பழகிப் பார்த்தான்.

அவர்கள் கட்டடத்தில் ஆறு மாடி, மாடிக்கு நான்கு வீடு, மொத்தம் இருபத்துநான்கு. மந்திரியின் வீடு ஆறாவது மாடியில் இருபத்தொன்றாம் எண். லிஃப்ட் ஒன்று உண்டு. அது வாரத்தில் இரண்டு நாள் ஓடும். அப்பாவுக்கு வேலையே லிஃப்ட் பழுதுபார்ப்பதுதான், ஆனால் இந்த லிஃப்ட் வேறு கம்பெனியுடையது, அதைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. ஊரிலிருக்கும் லிஃப்டையெல்லாம் ஓடவைத்துவிட்டுச் சாயங்காலம் ஆறு மாடியையும் படியில் ஏறி வந்து, "மோட்டார் நல்லாத்தான் இருக்கு, கதவு சென்சார்தான்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வார். பத்து வருடமாக அதையே சொல்கிறார்.

அம்மாவின் தொழில் மொட்டைமாடியில் நடந்தது. மூன்று சலூன்களிலிருந்து துண்டுகளும், முடி வெட்டும்போது கழுத்தைச் சுற்றிக் கட்டுகிற துணிகளும் தினமும் மூட்டையாக வரும். துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்து, மறுநாள் காலையில் அனுப்ப வேண்டும். மாடியின் இரண்டு நீளக் கயிறுகள்தான் அவளுக்குப் பட்டறை. கூட்டாளி, நான்காவது மாடி நர்ஸ் அக்கா. அந்த அக்காவின் சீருடைகளும் அங்கேதான் காயும். பெரிய துணி என்றால் ஒரு முனையை அம்மாவும் மறுமுனையை அவளும் பிடித்து, எதிரெதிராக முறுக்கிப் பிழிவார்கள். பிழிகிற நேரத்தில் கட்டடத்து விஷயங்கள் அத்தனையும் சேர்ந்து பிழியப்படும். எட்டு வருடத்தில் இருவருடைய துணி கிளிப்புகளும் ஒரே டப்பாவில் கலந்து, எது யாருடையது என்கிற கேள்வியே இல்லாமல் போயிருந்தது.

சங்கச் செயலாளர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒன்று, கழுத்துக் கயிற்றில் ஒன்று என்று கடையின் மூன்று மாதிரிகளோடுதான் வெளியே வருவார். எதிர்க்கட்டடத்து மாடியில் பூந்தொட்டியும் பெஞ்சும் வந்ததிலிருந்து அவருக்கு மனசு ஆறவில்லை. நம் மாடியிலும் தோட்டம் வேண்டும், அதற்குக் கயிறுகள் போக வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் கூட்டினார்.

நோட்டீஸைப் படித்துவிட்டு அம்மா நேராக நர்ஸ் அக்காவின் வீட்டுக்கு இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது கையில் திட்டம் இருந்தது.

"கூட்டத்துக்கு நம்ம ஆளுங்க யாரும் போகக் கூடாது."

"போய் எதிர்த்து ஓட்டுப் போட வேண்டியதுதானம்மா?" என்றாள் அக்கா.

"எங்க போடுவாங்க? கை தூக்குங்கன்னு சொன்னா நாலு பேர் அவர் முகத்தைப் பாத்துட்டுக் கையத் தூக்கிருவாங்க. பாதிப் பேருக்கு அவர்தான் கண்ணாடி மாட்டிவிட்டவரு. வீட்டுல உக்காருங்கன்னு சொன்னா எல்லாரும் உக்காருவாங்க. ஞாயித்துக்கிழமை வேற."

விதி அம்மாவுக்கு மனப்பாடம். சங்கத்தின் விதிகள் கண்ணாடிச் சட்டம் போட்டு லிஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டிருந்தன. வராத லிஃப்டுக்காக நின்று நின்று, அந்தக் கட்டடத்தில் எல்லோருமே சட்ட நிபுணர்கள். கோரம் பன்னிரண்டு, அதாவது அத்தனை வீடாவது வந்தால்தான் கூட்டம் செல்லும். பதின்மூன்று வீட்டை உட்காரவைத்துவிட்டால் பதினொன்றுதான் மிஞ்சும்.

"இதுக்குப் பேரு கோரத்தை உடைக்கிறதும்மா. எங்க பாடத்துல ஒரு அத்தியாயமே இருக்கு" என்றான் மந்திரி.

"பேரை நீ வச்சுக்கோ. எனக்குப் பன்னண்டு வீடு பாக்கி இருக்கு."

முட்டிவலியோடு நாலு நாள் ஏறி இறங்கினாள். பன்னிரண்டு வீட்டிலும் வாக்கு வாங்கினாள். தன்னுடையதோடு பதின்மூன்று.

ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலிகள் போடப்பட்டன. மந்திரி நோட்டோடு போய் ஒரு தூணோரம் நின்றான்.

"உட்காருப்பா தம்பி" என்றார் செயலாளர்.

"இல்ல சார். நான் பார்வையாளர்."

"பார்வைன்னா கடைக்கு வா, இலவசமாவே பாத்துத் தரேன்."

சிரிக்கலாமா கூடாதா என்று மேடம் சொல்லியிருக்கவில்லை. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று சிரிக்காமல் நின்றான். டீ வந்தது, வேண்டாம் என்றான். பிஸ்கட் தட்டு வந்தது. பழகி வைத்திருந்தபடி, கண்ணை லேசாக மூடித் தலையசைத்தான். தட்டு அவனைத் தாண்டிப் போனபோது அரசியல் அறிவியல் என்கிற துறையே தன்னால்தான் தலைநிமிர்ந்து நிற்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. தலைகளை எண்ணினான். பதினொன்று. அம்மாவின் கணக்கு அச்சுப் பிசகவில்லை. 'வந்தவர்கள் 11' என்று குறித்துக்கொண்டான்.

அப்போது நோட்டு கிளம்பியது. நீள நோட்டு. இரண்டு கட்டம்: வீட்டு எண், கையெழுத்து. ஒவ்வொருவராகப் போட்டுப் பக்கத்தில் தள்ள, கடைசி நாற்காலியிலிருந்த முதல்மாடிக்காரர் மொபைலைப் பார்த்தபடியே தூண் பக்கம் நீட்டினார். மந்திரி எதிர்க்கட்டடத்துப் பூந்தொட்டிகளுக்கும் அதிகார ஆசைக்கும் உள்ள தொடர்பை யோசித்துக்கொண்டிருந்தான். கை வாங்கிக்கொண்டது. பதினான்கு என்று எழுதியது. புழுவை இழுத்தது. திருப்பிக் கொடுத்தது. யோசனைக்கு எந்த இடைஞ்சலும் ஏற்படவில்லை.

செயலாளர் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக் கையெழுத்துகளை எண்ணினார். எதிரே உட்கார்ந்திருந்த தலைகளை எண்ணவில்லை. அவை கொஞ்சம் தூரத்தில் இருந்தன, அது படிக்கிற கண்ணாடி.

"பன்னண்டு. கோரம் இருக்கு. தீர்மானத்துக்குப் போலாம்."

பதினொரு கைகள் உயர்ந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கயிறுகள் அகற்றப்படும் என்று முடிவானது. மந்திரி தன் நோட்டில், 'தலைகள் 11, கையெழுத்துகள் 12. முரண்பாடு. ஆய்வுக்குரியது' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான்.

அரைமணி நேரத்தில் தீர்மானம் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டப்பட்டது. காய்கறிப் பையோடு படியேறி வந்த அப்பாதான் முதலில் பார்த்தார்.

"கயிறு போகுதாம். பன்னண்டு வீடு வந்துச்சாம். வந்த வீட்டு நம்பரெல்லாம் போட்டிருக்கான். பதினாலும் இருக்கு."

அம்மா துண்டு மடிப்பதை நிறுத்தினாள். பதினான்காம் எண் நர்ஸ் அக்காவின் வீடு.

"அவ இருக்க மாட்டா. அவளுக்கு இன்னைக்கு டூட்டின்னு சொன்னாளே."

"டூட்டின்னு சொல்லிட்டுக் கீழ இறங்கியிருக்கலாம்" என்றாள் அக்கா. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். சீட்டில் எழுதியிருப்பதைத்தான் நம்புவாள்.

அம்மா மந்திரியைப் பார்த்தாள். "நீ அங்கதான நின்ன. அவ வந்தாளா?"

வரவில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அதற்குள் அவன் மனசுக்குள் ஒரு பெரிய கட்டுரை முளைத்துவிட்டிருந்தது. வராத வீட்டின் பெயரில் யாரோ கள்ளக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சின்ன அமைப்புகளிலும் அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எந்த மாணவனுக்குக் கிடைக்கும்? இருபத்தைந்துக்குக் குறைந்தது இருபத்தொன்று வரும்.

"களத்துல பாத்ததை வெளிய சொல்லக் கூடாதும்மா. சொன்னா அது தலையிடறது."

"வந்தாளா இல்லையா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

அம்மா பாதி மடித்திருந்த துண்டைக் கீழே போட்டாள். "சரி. சொல்லாட்டியும் புரியுது" என்றாள்.

புரிந்தது தலைகீழாக. மறுநாள் காலை, கலந்து கிடந்த கிளிப்புகளை அம்மா தரையில் கொட்டி, எட்டு வருடத்துக் கலப்படத்தை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நீலமும் பச்சையும் நர்ஸ் அக்காவுடையவை என்று முடிவுசெய்து ஒரு பையில் போட்டாள்.

"காலேஜுக்குப் போற வழியில குடுத்துட்டுப் போ."

நர்ஸ் அக்கா பையைத் திறந்து பார்த்தாள். ஒரு பச்சைக் கிளிப்பை எடுத்துத் திறந்து மூடினாள்.

"நான் நேத்து காலைல ஆறு மணிக்கே வார்டுல இருந்தேன்டா. பதினாலுன்னு எவன் போட்டான்னே தெரியல. நீ அங்க நின்னியாமே. நான் வரலைன்னு உங்க அம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"பார்வையாளர் தலையிடக் கூடாதுக்கா."

"என்னது?"

"பாக்கலாம். எழுதிக்கலாம். அவ்ளோதான்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க ஆஸ்பத்திரில உன்னை மாதிரி ஒருத்தன் இருந்தா, கட்டில்லேருந்து பேஷண்ட் விழறதை மணி போட்டு எழுதி வச்சிருப்பான். போயிட்டு வா."

கல்லூரிக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கள்ளக் கையெழுத்துக்காரனை மந்திரி மனசுக்குள் திட்டிக்கொண்டே போனான். இரண்டு பெண்களின் எட்டு வருடச் சிநேகத்தை ஒரு கிறுக்கலால் கெடுத்தவன் எப்படிப்பட்ட அயோக்கியனாக இருப்பான் என்று அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தான். இன்னும் காரமாகத் திருத்தலாம் என்று நினைத்துக்கொண்டான்.

முதல் வகுப்பு. மேடம் ஆரம்பித்தார். நோட்டு கிளம்பியது. மந்திரியின் முன்னால் வந்து நின்றது. கை பதினான்கு என்று எழுதியது. புழுவை இழுத்தது.

அவன் அந்தப் பதினான்கைப் பார்த்தான். அந்தப் புழுவைப் பார்த்தான். அதிலிருந்த நாலின் வால் எப்போதும் போலக் கட்டத்தைத் தாண்டி வெளியே போயிருந்தது. அதே வாலை நேற்று எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

"தள்ளுடா" என்றான் பக்கத்திலிருந்தவன்.

மந்திரி தள்ளவில்லை. அயோக்கியனை நேருக்கு நேர் சந்திப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

அன்றைய நாள் முழுக்க அவன் கணக்குப் போட்டான். அறிக்கை கொடுக்க வேண்டியது புதன்கிழமை. கயிறு அவிழ்ப்பது ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை அறிக்கையைக் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை காலையில் உண்மையைச் சொன்னால் அறிக்கையும் பிழைக்கும், கயிறும் பிழைக்கும். முன்னாடியே சொல்லிவிட்டால் பார்வையாளன் தலையிட்டான் என்று ஆகிவிடும். அறிக்கை போகும், வருகைக்குறைவு நிற்கும், நேரத்துக்கு வருகிற ஜூனியர்களோடு ஒரு வருடம் உட்கார வேண்டும். மூன்றே நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நேர்மையையும் நேர அட்டவணை போட்டுச் செய்யலாம் என்பதில் அவனுக்கு ஒரு பெருமைகூட வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தப் பெருமை மாடிக்கு ஈரத்துணி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனது.

அம்மா கிழக்கு முனையில் இருந்தாள். நர்ஸ் அக்கா மேற்கு முனையில், முதுகைக் காட்டிக்கொண்டு, நீலக் கிளிப்பும் பச்சைக் கிளிப்புமாகச் சீருடையை மாட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் கயிறு காலியாகத் தொங்கியது. ஒரு சலூன்காரர் சோபா உறையை வேறு அன்றைக்கு அனுப்பியிருந்தார். தண்ணீர் குடித்துக் கனத்திருந்தது. அம்மா அதன் ஒரு முனையைக் குழாயில் கட்டிவிட்டு, மறுமுனையைத் தனியாக முறுக்கினாள். குழாய் பிடித்துக்கொண்டது, ஆனால் எதிர்ப்பக்கம் முறுக்கவில்லை. துணி பாதி பிழிந்து நின்றது. நர்ஸ் அக்கா ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். மறுபடி முதுகைக் காட்டினாள்.

வியாழக்கிழமை மிகவும் தூரத்தில் இருந்தது.

"அம்மா. அந்தப் பதினாலு நான்தான்."

அம்மா முறுக்குவதை விடவில்லை. "எது நீ?"

"கூட்டத்துல கையெழுத்து. நோட்டு முன்னால வந்துச்சு, போட்டுட்டேன். காலேஜ்ல என் நம்பர் பதினாலு."

"படிச்சுப் பாக்கலியா?"

"காலேஜ்ல படிச்சுப் பாக்கிற வழக்கம் இல்லம்மா."

அம்மா துணியை விட்டாள். அது குழாயில் சுருண்டு, தண்ணீர் சொட்டியது.

"வீட்டுல நம்ம நம்பர் என்ன?"

"இருபத்தொண்ணு."

"அதாவது தெரியுதே." இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "பன்னண்டு வீடு ஏறி எறங்கினேன்டா. லிஃப்டும் ஓடல. பன்னண்டு பேரையும் உக்கார வச்சுட்டேன், பெத்த பிள்ளைய உக்கார வைக்க மறந்துட்டேன். டீ குடிக்கல, பிஸ்கட் திங்கலன்னு அன்னைக்குப் பெருமை வேற. குடிச்சுத் தொலைச்சிருக்கலாம். கையாவது கப்பைப் பிடிச்சுட்டு இருந்திருக்கும்."

மேற்கு முனையிலிருந்து குரல் வந்தது. "என்னவாம் அவனுக்கு?"

"உன் வீட்டைக் காலி பண்ணு" என்றாள் அம்மா, திரும்பாமலே. "பதினாலாம் நம்பர்ல இவன் குடிவந்துட்டானாம்."

நர்ஸ் அக்காவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கவிழ்த்துவைத்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, தலைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. குழாயிலிருந்து துணியின் முனையை அவிழ்த்து, கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நர்ஸ் அக்கா எழுந்து வந்து முனையை வாங்கிக்கொண்டாள். இருவரும் எதிரெதிராக முறுக்கினார்கள். தண்ணீர் கொட்டியது.

"கிளிப்பை எல்லாம் பிரிச்சு அனுப்பினியே" என்றாள் நர்ஸ் அக்கா. "அந்த நீலம் உன்னோடது."

"தெரியும். கோவத்துல எண்ணிக்கை சரியா வரல" என்றாள் அம்மா.

பத்து மணிக்குக் கண்ணாடிக்கடை திறந்ததும் அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். செயலாளர் விஷயத்தைக் கேட்டார். கழுத்துக் கண்ணாடியைப் போட்டு நோட்டைப் பார்த்தார். லென்ஸ் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துப் புழுவைப் பார்த்தார்.

"நல்லாக் கையெழுத்து மாதிரிதான் இருக்கு. சரி, பதினாலு இல்லேன்னா இருபத்தொண்ணுன்னு வச்சுக்குவோம். உங்க வீட்டுப் பையன்தான? எப்படியும் பன்னண்டு வருதே."

"என் வீட்டு சார்பா வர நான் எழுதிக் குடுத்தேனா?" என்றாள் அம்மா.

"அதெல்லாம் ஒரு…"

"ஏழாவது விதி. வீட்டுக்குச் சொந்தக்காரர் வரணும், இல்ல அவர் குடுத்த கடிதத்தோட ஆள் வரணும். லிஃப்ட் பக்கத்துல நீங்கதான் மாட்டினீங்க. பத்து வருஷமா படிக்கறேன், லிஃப்ட் வந்தபாடில்ல."

செயலாளர் மூன்று கண்ணாடிகளையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தார். எதில் பார்த்தாலும் ஏழாவது விதி அங்கேயே இருந்தது. கடைசியில் ஒரு வெள்ளைத்தாளை மந்திரியின் பக்கம் நகர்த்தினார்.

"சரி, தீர்மானம் செல்லாதுன்னு ஒட்டிடறேன். ஆனா எனக்கு ஆதாரம் வேணும். எழுதிக் குடு தம்பி. 'நான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆனால் வரவில்லை.'"

மந்திரி எழுதினான்.

"கையெழுத்துப் போடு."

மந்திரி போடவில்லை. முதல் வரியிலிருந்து படித்தான். மறுபடி படித்தான். மூன்றாவது தடவையும் படித்துவிட்டுத்தான் பேனாவை வைத்தான். எல்லா எழுத்தும் தெரிகிற மாதிரி, முழுப் பெயராக.

"நம்பர் போட்றாத" என்றார் செயலாளர்.

புதன்கிழமை அவன் மேடத்தின் மேஜையில் அறிக்கையை வைத்தான். மேடம் பேனாவைத் திறந்தார். மூன்றாம் பக்கத்தில் நின்றார்.

"கள்ளக் கையெழுத்தா? பெரிய விஷயமாச்சே. யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது மேடம். நான்தான்."

மேடம் பேனாவை மூடினார். மந்திரி நோட்டு வந்ததிலிருந்து கண்ணாடிக்கடை வரைக்கும் சொன்னான். வியாழக்கிழமை சொல்லலாம் என்று போட்டிருந்த கணக்கையும் சொன்னான். ஒளிக்க இனி ஒன்றும் மிச்சமில்லை.

"ஆக, பாக்கப் போனவன் கூட்டத்தை நடத்திவச்சுட்டு, அப்புறம் கலைச்சுட்டும் வந்திருக்க."

"ஆமா மேடம்."

"பிஸ்கட்?"

"தொடல மேடம்."

மேடம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"உங்க அம்மா எது வரைக்கும் படிச்சிருக்காங்க?"

"எட்டாவது மேடம்."

"பரவால்ல. நீ இன்னும் ரெண்டாவதுதான படிக்கற. மூணாம் பக்கத்துல அயோக்கியன்னு எழுதியிருக்கியே, அதை எடுக்காத. கடைசியில நடந்ததைச் சேர்த்து எழுதி, நாளைக்குக் குடு. பாக்கறேன். பாஸ்னு சொல்லல."

வெள்ளிக்கிழமை அறிக்கை திரும்பி வந்தது. மந்திரி அதை வகுப்பில் திறக்கவில்லை. லிஃப்ட் ஓடாததால் ஆறு மாடியையும் ஏறி, மொட்டைமாடிக்கே போய்த் திறந்தான். இரண்டு கயிற்றிலும் துண்டுகள் முனை முதல் முனை வரை தொங்கின. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குச் செயலாளர் மறுபடி கூட்டம் அறிவித்திருந்தார். அம்மாவும் நர்ஸ் அக்காவும் துணி பிழிந்தபடியே பதின்மூன்று வீட்டையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். அக்கா துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"பதினாலாவதா இவனையும் எண்ணிக்கோங்க. ரூமுக்குள்ள போட்டுப் பூட்டிடலாம்" என்றாள் அக்கா. "மார்க் என்ன ஆச்சு மந்திரி?"

முதல் பக்கத்தில் சிவப்பு மையில் பதினொன்று என்று இருந்தது. பக்கத்தில் மேடத்தின் சின்னக் கையெழுத்தில் ஒரு வரி: 'பார்வையாளரைச் சேர்க்காமல் எண்ணியது.'

"பதினொண்ணு."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "போதுமா அது?"

"பத்து இருந்தா போதும்மா."

"அப்ப மிச்சம் ஒண்ணு இருக்கு" என்றாள் அம்மா. "அந்தப் பக்கெட்டைத் தூக்கு. கீழ வைக்கிற வரைக்கும் ரெண்டு கையும் அதுலயே இருக்கட்டும்."